இஸ் எழுதுவதா, வாஸ் எழுதுவதா?

ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது பலருக்கும் முதல் வினைச்சொல்லிலேயே கை நின்றுவிடும். "தி ரிப்போர்ட் சேஸ்" என்று தொடங்குவதா, "தி ரிப்போர்ட் செட்" என்று தொடங்குவதா? இரண்டுமே இலக்கணப்படி சரிதான். "இப்போது நடப்பது பிரசென்ட், முடிந்துபோனது பாஸ்ட்" என்று பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரத்தை நம்பிப் போனால் பாதி வழியில் அது கழன்றுவிடும். அந்த அறிக்கை போன வருடம் எழுதப்பட்டது. ஆனால் இன்றும் மேசைமேல் இருக்கிறது, எடுத்துத் திறந்தால் அதையேதான் சொல்கிறது. இது முடிந்த விஷயமா, நடக்கிற விஷயமா?

மற்றவர்கள் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் வேலையில் ஒரு பங்கு. அப்படித் திருத்தித் திருத்தி எனக்குப் புரிந்தது இது: பிரசென்டா, பாஸ்டா என்று தேர்ந்தெடுக்கும்போது நாம் மணி காட்டுவதைவிட, ஒரு விஷயத்தை நமக்குக் கிட்டே வைக்கிறோமா, தள்ளி வைக்கிறோமா என்பதைத்தான் அதிகம் காட்டுகிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

ஆங்கில வினைச்சொல்லுக்கு உருவத்தால் இரண்டே காலம். கோ, வென்ட். அவ்வளவுதான். எதிர்காலத்துக்கு என்று தனி உருவம் கிடையாது. வில் போன்ற ஒரு துணைவினையை முன்னால் நிறுத்திச் சமாளித்துக்கொள்கிறார்கள். நம்மிடமோ போனேன், போகிறேன், போவேன் என்று மூன்று இருக்கிறது. மூன்று பெட்டியில் வைத்துப் பழகியதை இரண்டு பெட்டியில் அடுக்கச் சொன்னால் எது எங்கே போகும் என்று தடுமாறுவது இயல்பு. பிரசென்ட் பெட்டியில் ஏகப்பட்ட சரக்கு சேர்ந்துவிடுகிறது: தினசரிப் பழக்கம், என்றைக்கும் உள்ள உண்மை, கால அட்டவணை, செய்முறை விளக்கம், விளையாட்டு வர்ணனை எல்லாம் அதில்தான். "தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ" என்பது நாளைய சம்பவம். வினை மட்டும் பிரசென்ட். ஆனால் இந்த நிமிடம் கண்முன்னே நடக்கிற செயல் மட்டும் அந்தப் பெட்டியில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் "ஐ ஈட்" என்று சொல்ல மாட்டார், "ஐ ஆம் ஈட்டிங்" என்பார். "ஐ ஈட்" என்றால் அது அவர் வழக்கம்.

பாஸ்ட் பெட்டியும் அப்படித்தான். "இஃப் ஐ ஹேட் டைம்", "ஐ விஷ் ஐ நியூ", "இட்ஸ் டைம் வி லெஃப்ட்" — மூன்றிலும் வினை பாஸ்ட். ஆனால் மூன்றில் ஒன்றுகூட நடந்து முடிந்த கதை இல்லை. நேரம் இல்லை, தெரியாது, இன்னும் கிளம்பவில்லை என்பதுதான் பொருள். "ஐ வான்டட் டு ஆஸ்க் யூ சம்திங்" என்று ஒருவர் கேட்டால், கேட்கும் ஆசை நேற்றோடு போய்விட்டது என்று அர்த்தமா? மரியாதைக்காக அப்படிச் சொல்கிறார். நாமும் இதைச் செய்கிறோமே. "உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று நினைத்தேன்" என்று இறந்தகாலத்தில் இழுப்பது, எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேரே ஆசையை நீட்டாமல் கொஞ்சம் ஒதுக்கி வைக்கத்தான். "மழை வந்தால்" என்பதில்கூட இருப்பது "வந்த" என்கிற இறந்தகால அடிதான். மழை இன்னும் வரவில்லை. ஆக பாஸ்ட் என்பது தள்ளி வைக்கும் கருவி. காலத்தால் தள்ளலாம், நிஜத்திலிருந்து தள்ளலாம், ஆளிடமிருந்தும் தள்ளலாம்.

நம் இலக்கணத்துக்கு இது புதிதும் இல்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் ஒரு காலம் இன்னொரு காலமாக மாறி வரலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. வாசலில் நின்று ஒருவர் அவசரப்படுத்தும்போது, இன்னும் செருப்புக்கூடப் போடாமல் உள்ளிருந்து "இதோ வந்துட்டேன்" என்கிறோமே, அது இந்த வகை. இவ்வளவு நுட்பமாகக் காலத்தைக் கையாளத் தெரிந்த நாம் ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இடறுகிறோம்?

நான் திருத்துகிற தாள்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம்: "வென் ஹி கம்ஸ், ஐ வாஸ் ஸ்லீப்பிங்." எழுதியவருக்கு ஆங்கிலம் வராது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் மனதில் ஓடிய தமிழைக் கேட்டுப் பாருங்கள்: "அவன் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்." இதில் "வரும்போது" என்பதற்கு இறந்தகாலச் சாயலே இல்லை. காலம் முழுவதையும் கடைசி வினை சுமக்கிறது. நமக்கு அது போதும். "கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கடிதத்தைப் படித்தான்" என்ற நீளமான வாக்கியத்தில் முற்று ஒன்றே ஒன்று. அந்த நான்கு செயலும் நாளை நடக்கப்போகிறது என்றால் கடைசிச் சொல்லை மட்டும் "படிப்பான்" என்று மாற்றினால் ஆயிற்று. திறந்து, போட்டு, உட்கார்ந்து எதையும் தொட வேண்டாம். ஆங்கிலத்தில் அப்படி ஒரே ஆள் மூட்டை தூக்க முடியாது. ஓப்பன்ட், டர்ன்ட் ஆன், சாட், ரெட் என்று நான்கும் தனித்தனியே காலம் காட்ட வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வாசிப்பவருக்குக் காலில் கல் தட்டும்.

காலம் மாறுகிற பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அதனால் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எழுதி முடித்ததும் வினைச்சொற்களை மட்டும் கோடிட்டுக்கொண்டு மேலிருந்து கீழே ஒருமுறை ஓடுங்கள். பொருளைப் படிக்க வேண்டாம், வினையை மட்டும் பாருங்கள். செட், வென்ட், சீஸ், டுக் என்று வரிசையில் ஒன்று துருத்திக்கொண்டு நிற்பது தானாகத் தெரியும். அந்த ஓட்டத்திலேயே "டிட் நாட் வென்ட்" போன்றவையும் அகப்படும். டிட் காலத்தைத் தூக்கிக்கொண்ட பிறகு அடுத்த சொல்லுக்குச் சுமை கிடையாது, கோ போதும். புட், கட், ஹிட் போன்றவை இரண்டு காலத்திலும் ஒரே உருவம் என்பதால் கண்ணில் படாது. அவற்றுக்குப் பக்கத்து வினைதான் சாட்சி.

சரி, பிழை இல்லாத இடத்துக்கு வருவோம். இரண்டுமே சரியாக இருந்து, எதை எடுத்தால் என்ன பொருள் என்பதில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்கலாம்.

"தி ட்ரக் ரெட்யூஸ்ட் பெயின்." "தி ட்ரக் ரெட்யூசஸ் பெயின்." முதல் வாக்கியம் சொல்வது: நாங்கள் சோதித்த ஆட்களிடம், நாங்கள் கொடுத்த அளவில், அந்த நாட்களில் வலி குறைந்தது. இரண்டாவது சொல்வது: இந்த மருந்து வலியைக் குறைக்கும் தன்மை உடையது, யாருக்குக் கொடுத்தாலும், எப்போது கொடுத்தாலும். வினையின் கடைசி எழுத்து ஒன்றை மாற்றியதில் சிறு கூட்டத்தின் கதை உலகப் பொது விதியாகிவிட்டது. ஒரே சோதனையை வைத்துக்கொண்டு பிரசென்டில் எழுதுகிறவர் தெரிந்தோ தெரியாமலோ தன் கையில் இல்லாத உறுதியை வாசகருக்குக் கொடுத்துவிடுகிறார். இந்த இடத்தில் நான் கறாராக இருப்பேன். நோயாளி ஒருவரோ அவர் வீட்டுக்காரரோ அந்த வரியைப் படித்து நம்பக்கூடும்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடை கையேடு இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறது: முன்பு பிறர் செய்த ஆய்வுகளைச் சொல்லும்போது பாஸ்ட் அல்லது பிரசென்ட் பெர்ஃபெக்ட் (ஹேவ், ஹேஸ் சேர்த்து வருவது), செய்த முறையும் கிடைத்த முடிவும் பாஸ்ட், அதிலிருந்து எடுக்கும் முடிவுரை பிரசென்ட். சோதனைக் குழாயைச் சூடாக்கியது முடிந்த காரியம், "வி ஹீட்டட்". கடல் மட்ட அழுத்தத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிப்பது யார் சூடாக்கினாலும் நடப்பது, "வாட்டர் பாய்ல்ஸ்". கட்டுரையிலேயே இருக்கும் அட்டவணை வாசகர் கண்முன் இருப்பதால் "டேபிள் டூ ஷோஸ்". ஒரே பத்தியில் மூன்று காலமும் வரலாம். அது பிழையாகாது, ஒவ்வொரு வினையும் தன் காரணத்தோடு நின்றால்.

முதலில் கேட்ட "ரிப்போர்ட் சேஸ்" கேள்விக்கும் இங்கேயே பதில் வந்துவிட்டது. அறிக்கை இன்றும் செல்லும், அதை வைத்து இப்போது வாதம் செய்யப்போகிறீர்கள் என்றால் சேஸ். அதற்குப் பிறகு வேறு அறிக்கை வந்துவிட்டது, அன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று மட்டும் பதிவு செய்கிறீர்கள் என்றால் செட்.

அடுத்தவர் பேச்சை எடுத்துச் சொல்வது இதற்கு ஒன்றுவிட்ட உறவு. தமிழில் "வருகிறேன் என்று சொன்னார்" என்று அவர் வாயில் வந்ததை அப்படியே "என்று" போட்டு ஒட்டிவிடுவோம். ஆங்கிலத்தில் செட் என்று பாஸ்டில் தொடங்கினால் உள்ளே இருப்பதும் ஒரு படி பின்னால் நகரும்: "ஹி செட் ஹி வாஸ் கமிங்." இதை எல்லோரும் விதியாகப் படித்திருப்போம். நகராமலும் விடலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது. "ஷி செட் தி ரோட் வாஸ் க்ளோஸ்ட்" என்றால் அவள் அப்படிச் சொன்னாள், அவ்வளவுதான் என் பொறுப்பு. "ஷி செட் தி ரோட் இஸ் க்ளோஸ்ட்" என்றால் இப்போதும் மூடித்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் போகாதே என்று நானும் சேர்ந்து சொல்கிறேன். செய்தி எழுதுகிறவருக்கு வாஸ் பாதுகாப்பு. இன்னொருவரின் கூற்றைத் தன் கூற்றாக்கிக்கொள்ளாமல் தப்பிக்கலாம். வழி சொல்கிற நண்பருக்கு இஸ்தான் பொருத்தம்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று நிற்கிறது, பிரசென்ட் பெர்ஃபெக்ட். "ஐ லாஸ்ட் மை கீ" என்றால் சாவி தொலைந்த கதை. பிறகு கிடைத்தும் இருக்கலாம். "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ" என்றால் இன்னும் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறேன். பாஸ்ட் சம்பவத்தைச் சொல்கிறது, இது சம்பவம் விட்டுப்போன இன்றைய நிலையைச் சொல்கிறது. பெயரிலேயே பிரசென்ட் இருப்பதால் யெஸ்டர்டே போன்ற முடிந்த நேரச் சொல்லை இது பக்கத்தில் சேர்க்காது. நமக்கு "நேற்றே வந்திருக்கிறார்" என்பது உறுத்தாத வாக்கியம். அதனால்தான் "ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே" கையில் வந்துவிடுகிறது. நேற்று என்று சொல்லியே ஆக வேண்டும் என்றால் கேம் மட்டும்தான். இன்னொன்று, பிரிட்டிஷ்காரர் "ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்" என்று சொல்கிற இடத்தில் அமெரிக்கர் பலர் "ஐ ஆல்ரெடி எய்ட்" என்று பாஸ்டிலேயே முடித்துக்கொள்வார்கள். யாருக்கு எழுதுகிறீர்களோ அவர் வழக்கத்தைப் பாருங்கள்.

இலக்கியம் பற்றி எழுதும்போது பிரசென்ட் என்பது நிலைத்த வழக்கம். ஷேக்ஸ்பியர் 1616-இல் இறந்தார், டைட். ஹாம்லெட் நாடகத்தின் முடிவில் இறக்கிறான், டைஸ். மனிதர் ஒரே முறைதான் இறந்தார். பாத்திரம் ஒவ்வொரு வாசிப்பிலும் இறக்கிறது. நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, "வள்ளுவர் சொல்கிறார்" என்றுதானே இன்றும் சொல்கிறோம். குழப்பம் வருவது ஆசிரியர் வாழ்க்கையும் நூலின் உள்ளடக்கமும் ஒரே வாக்கியத்தில் கலக்கும்போது. வாழ்க்கைக்கு பாஸ்ட், பக்கத்துக்குள் இருப்பதற்கு பிரசென்ட் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

கதை எழுதுகிறவர்களுக்கோ சுதந்திரம் அதிகம், அதனால் தவறும் அதிகம். பாஸ்ட் கதைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் உட்கார்ந்து சொல்கிறார் என்பதால் பத்து வருடத்தை ஒரு வரியில் தாண்டலாம், வேண்டிய இடத்தில் நின்று ஒரு நிமிடத்தை மூன்று பக்கத்துக்கு விரிக்கலாம், "அன்றைக்கு அவனுக்குத் தெரியவில்லை" என்று முன்கூட்டியே ஒரு நூலிழையை விடலாம். பிரசென்டில் அது கைவராது. கதை சொல்பவருக்கும் அடுத்த நிமிடம் என்ன என்று தெரியாத பாவனையில் எழுத வேண்டும். பதிலுக்கு ஒரு பதற்றம் கிடைக்கும். டிக்கன்ஸ் 1852-53-இல் தொடராக எழுதிய ப்ளீக் ஹவுஸ் நாவலில் பெயரில்லாத ஒரு குரல் பிரசென்டிலும், எஸ்தர் என்ற பெண் பாஸ்டிலும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். அது சிதறாததற்குக் காரணம், குரல் மாறும்போது மட்டுமே காலம் மாறுகிறது. 2009-இல் வந்த ஹிலரி மான்டெலின் வுல்ஃப் ஹால் பதினாறாம் நூற்றாண்டுக் கதை, பெரும்பாலும் பிரசென்டில். எவ்வளவு பழைய கதை என்பதற்கும் எந்தக் காலத்தில் சொல்கிறோம் என்பதற்கும் தொடர்பே வேண்டியதில்லை என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் முதல் கதை எழுதும் ஒருவர் என்னிடம் கேட்டால் பாஸ்ட் என்றுதான் சொல்வேன். பிரசென்டில் எழுதினால் விறுவிறுப்பு தானாக வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வராது. காட்சியில் எதுவும் நடக்கவில்லை என்றால் ரன்ஸ் என்று போட்டாலும் ரேன் என்று போட்டாலும் யாரும் ஓட மாட்டார்கள். பாஸ்டில் எழுதிப் பார்த்து, கதை சொல்பவர் பின்னோக்கிப் பார்ப்பதே தடையாக இருக்கிறது என்று தோன்றினால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

அலுவலக எழுத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம், வழக்கம் முடிவு செய்துவிட்டது. கூட்டக் குறிப்பு பாஸ்ட். சுயவிவரத்தில் இப்போதைய வேலை பிரசென்ட், விட்டுவந்த வேலை பாஸ்ட். வேலை மாறிய பிறகு பழைய வரிகளைத் திருத்த மறந்துவிடுவதுதான் அங்கே வழக்கமான சறுக்கல். செய்தித் தலைப்பு நேற்று நடந்ததைப் பிரசென்டில் சொல்லும், கீழே செய்தி பாஸ்டில் ஓடும். நிரல் எழுதுகிறவர்கள் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளின் வழிகாட்டி இரண்டையும் விட்டுவிட்டு, "மாற்றினேன்" என்றில்லாமல் "மாற்று" என்று கட்டளையாக எழுதச் சொல்கிறது. ஒரு குழுவில் சேர்ந்தால் அங்கே என்ன வழக்கமோ அதையே பின்பற்றுவது நல்லது.

எந்த வழக்கமும் உதவாத ஓரிடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் தன் ஆசிரியை இறந்த மறுநாள் ஆங்கிலத்தில் ஓர் அஞ்சலிக் குறிப்பு எழுதி, காலத்தை மட்டும் சரிபார்த்துத் தரும்படி இரவு அனுப்பினார். முழுக்க பிரசென்டில் இருந்தது. எழுதும்போது அவருக்கு அந்த ஆசிரியை இன்னும் போகவில்லை. எல்லாவற்றையும் வாஸ் ஆக்கிவிட்டால் வேலை ஐந்து நிமிடம். எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வினையாக எடுத்துப் பார்த்தேன்.

பாடம் நடத்தியது முடிந்தது, டாட். அறை முழுக்கக் கேட்கும் சிரிப்பு, ஹேஸ் என்று இருந்ததை ஹேட் ஆக்கினேன். பச்சை மையில் திருத்துவார், கரெக்ட்ஸ் போய் கரெக்டட் வந்தது. "ஹெர் நோட்ஸ் ஆர் இன் மை புக்" என்பதைத் தொடவில்லை. குறிப்புகள் அந்தப் புத்தகத்தில் இன்றும் இருக்கின்றன. "ஷி இஸ் தி ரீசன் ஐ ரீட்" என்பதையும் விட்டுவிட்டேன். "ஷி பிலீவ்ஸ் தட் நோ கொஸ்டின் இஸ் ஃபூலிஷ்" என்ற வரியில் நம்பியவர் போய்விட்டார் என்பதால் பிலீவ்ட் என்று மாற்றினேன். உள்ளே இருந்த இஸ் அப்படியே இருந்தது. அவர் நம்பியது அவரோடு முடியவில்லை, அதைச் சொல்ல அந்த ஓர் இஸ் தேவைப்பட்டது. அங்கே வாஸ் போட்டாலும் இலக்கணம் ஏற்றுக்கொள்ளும். எனக்குத்தான் ஒப்பவில்லை.

கடைசி வரி "ஷி இஸ் மை டீச்சர்." வாஸ் என்று திருத்தி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு அனுப்பினேன். காலையில் இறுதிப் பிரதி வந்தது. மற்ற திருத்தங்களை எல்லாம் ஏற்றுக்கொண்டிருந்தார். கடைசி வரியில் மட்டும் இஸ் திரும்பி வந்திருந்தது. அதை அப்படியே அச்சுக்கு அனுப்பச் சொன்னேன்.